பழுது காணவில்லை

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது
இந்தச் சாம்பல் நிறப் பெட்டி.
கட்டியிருக்கும் சீட்டில் விமானி ரிவியேரின் கிறுக்கல்:
பதினாறாயிரம் அடிக்கு மேல் ரேடார் குருடு,
இறங்கினால் பார்வை வருகிறது.
அதன் கீழே என் எழுத்து, இரண்டு தேதிகளில்:
பழுது காணவில்லை.

பிளெசான்ஸ் விமானத் தளம், பணிமனை, இரவு பதினொன்று.
புயல் எச்சரிக்கை முதல் வகுப்பு.
வெளியே கரும்பு ஒரு தோகைகூட அசைக்காமல் நிற்கிறது.
விடிந்தால் ரொட்ரீக்ஸ் போக வேண்டிய விமானம்
மூக்கு திறந்து கிடக்கிறது.

நூற்றுப் பதினைந்து வோல்ட் கொடுக்கிறேன்.
வீட்டு மின்சாரம் ஐம்பது முறை ஊசலாடும் நொடியில்
இது நானூறு முறை ஆடும்.
அதனால்தான் இதன் மின்மாற்றி என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது,
அதனால்தான் இது முனகுவதில்லை;
குளவிக்கூடு போல ரீங்காரம்.

இனி மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
மாக்னெட்ரானின் இழை சிவக்கும் வரை
உயர் அழுத்தத்தை வாசலிலேயே நிறுத்தி வைக்கும்
ஒரு சின்ன ரிலே.
அது யார் அவசரத்துக்கும் அசையாது.
ஆறிப்போன தால் பூரியைத் தின்று முடிக்கிறேன்,
இடது கையால், வலது கை பாக்கெட்டில்.

டிக்.

சுருளும் மின்தேக்கியும் வரிசையாய் நின்று
மூச்சு இழுத்து, இழுத்து, நிரம்பி
ஒரு தூண்டலில் மொத்தமும் கொட்டுகின்றன.
பத்தாயிரம் வாட் கத்தல்,
நொடியைப் பத்து லட்சமாய் அரிந்தால் அதில் இரண்டு துண்டு நேரம்.
பிறகு இரண்டாயிரத்து ஐந்நூறு துண்டு வரை
வாயே திறப்பதில்லை.
கூட்டிக் கழித்தால் எட்டு வாட்தான்,
தொட்டில் அருகே எரிய விடும் விளக்கு.

பேசுவதும் கேட்பதும் ஒரே துளை வழி.
தன் கத்தலிலேயே தன் செவி கருகிவிடாதபடி
அந்தக் கணம் மட்டும் கதவு சாத்திக்கொள்கிறது.
உள்ளே, உளுந்தளவு டயோடு ஒன்று காத்திருக்கிறது.
கடல்மைல் ஒன்று போய் வரப் பன்னிரண்டு துண்டு,
மழைத்துளியில் பட்டு வருவதோ
வாட் என்று சொன்னால் சிரிப்பார்கள்.
அதை வாங்கி, கலந்து, பெருக்கி
பச்சையாய்த் திரையில் வைக்கிறது.

எல்லா முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
பேனாவைத் திறந்தேன், மூன்றாம் முறை எழுத.

பதினாறாயிரம் அடி.
அங்கே காற்றே பாதிக்குப் பக்கம்தான்.
காற்றும் ஒரு காப்பு என்பது
தரையில் நிற்பவருக்கு எங்கே ஞாபகம் வரும்?

மின்வழங்கியைத் தனியே கழற்றி
கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து
பம்பைப் போட்டேன். விளக்கை அணைத்தேன்.
ஐந்தாயிரம். ஒன்றுமில்லை.
பன்னிரண்டு. ஒன்றுமில்லை.
பதினைந்தைத் தாண்டும்போது
மின்மாற்றியின் தலையிலிருந்து தகட்டுக்கு
ஒரு நீலப் புழு ஊர்ந்தது.

வார்த்த பிசினில் மயிரிழை விரிசல்.
மாக்னெட்ரானுக்குப் போக வேண்டியதையெல்லாம்
அந்தப் புழுதான் தின்றிருக்கிறது.
அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்த சின்னத்தம்பூ
"அய்யோ" என்றான்.
கிரியோலில் சொன்னானா, தமிழில் சொன்னானா,
இரண்டிலும் அது ஒன்றுதான்.

காணவில்லை என்றுதான் எழுதியிருந்தேன்,
இல்லை என்று எழுதவில்லை.
அந்தச் சமாதானம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை:
இரண்டு முறை அந்த மனிதர்
முப்பது பேரோடு கண் கட்டி மேகத்துக்குள் போயிருக்கிறார்.

தரைக்கம்பியால் மின்தேக்கியைத் தொட்டேன், பட்டென்று வெடித்தது.
மின்சாரத்தை நிறுத்திய பிறகும்
அது எதையும் மறப்பதில்லை.

மின்மாற்றி மாற்றி, மூடி, முறுக்கி முடிக்கும்போது
நான்கு மணி.
வானொலியில் இரண்டாம் வகுப்பு.
எந்த விமானமும் கிளம்பாது என்றார்கள்.

பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து நின்றேன்.
எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்காமலே
மழை வந்து
தகரக் கூரையில் விழுந்தது.